கைவேலைக்கும் பதப்படுத்தலுக்கும் யோசனை எங்கே கிடைக்கும்? புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

புதிதாகக் கைவேலையில் இறங்குகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். நூல் வாங்கியாயிற்று, ஊசி வாங்கியாயிற்று, கண்ணாடி ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. உடனே கைபேசியை எடுத்து அழகழகான படங்களைப் பார்க்க ஆரம்பிக்கிறோம். பார்த்ததில் பாதி நம்மால் முடியாதது; மீதிக்கு வேண்டிய சாமான் நம்மிடம் இல்லை. மனம் சோர்ந்து, ஜாடிகளை மறுபடி அலமாரியிலேயே வைத்துவிடுகிறோம்.

யோசனையைக் கையில் இருக்கும் பொருளிலிருந்து தொடங்குங்கள், படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன். மிஞ்சிப்போனது, தேய்ந்துபோனது, தேவைப்படுவது: இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வேலை தானே உருவாகி வரும். தையல், பின்னல், சாயம், ஊறுகாய், ஜாம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கைவேலையில் மனம்போனபடி எதையும் மாற்றலாம். பதப்படுத்தலில், அதாவது உணவைக் கெடாமல் காத்து வைக்கும் வேலையில், சில அளவுகளைத் தொடவே கூடாது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

1. வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு துணி அலமாரி, சமையலறை, பரண், தோட்டம் இருந்தால் தோட்டம் என்று எல்லாவற்றையும் பாருங்கள். மிஞ்சியவை என்ற தலைப்பில் வெட்டுத்துணி, பாதி நூல்கண்டு, மூடியோடு இருக்கும் பாட்டில்கள், ஒரே நேரத்தில் பழுத்துத் தள்ளும் பழங்கள் வரும். தேய்ந்தவை என்றால் முட்டி கிழிந்த காற்சட்டை, விளிம்பு நைந்த துண்டு. தேவை என்ற தலைப்பில் "கண்ணாடி வைக்க உறை இல்லை", "சூடான பாத்திரம் பிடிக்கத் துணி இல்லை" என்பது போலச் சின்னச் சின்னக் குறைகளை எழுதுங்கள். பிறகு ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றோடு கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கிழிந்த காற்சட்டையும் பாத்திரம் பிடிக்கும் துணியும் ஒரே கோட்டில் வந்தால் முதல் வேலை கிடைத்துவிட்டது.

இதை எளிய வழி என்று தள்ளிவிடாதீர்கள். உலகில் பேர்பெற்ற கைவேலைகள் சில இப்படித்தான் பிறந்தன. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த வேலை உடைகளைக் கிழித்துப் போர்வைகள் தைத்தார்கள். வெயிலில் வெளுத்த ஜீன்ஸ் துணியில் பை இருந்த இடம் மட்டும் அடர்நீலமாக நிற்கும். அந்தச் சதுரமே போர்வையின் அழகாகிவிட்டது. வங்காளத்துக் காந்தா வேலை, பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தது. ஜப்பானில் நைந்த நீலத் துணியின் மேல் துணி வைத்து ஓட்டுத் தையல் போட்டுப் போட்டு உடையைத் தலைமுறை தாண்டி உடுத்தினார்கள். துணிப் பஞ்சம்தான் இவற்றுக்கெல்லாம் வடிவம் கொடுத்தது. கடையில் எல்லாம் கிடைக்கும் என்றிருந்தால் இந்த வடிவங்கள் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

2. ஒரே ஒரு பொருளை ஊன்றிப் பாருங்கள்

பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் மேசைமேல் வையுங்கள். ஒரு பழைய முழுக்கைச் சட்டை என்று வைத்துக்கொள்வோம். காலர் நைந்திருக்கும்; முழங்கைப் பக்கம் துணி மெலிந்திருக்கும். ஆனால் முதுகுப் பகுதியைப் பாருங்கள். தையலே இல்லாத அகலமான துணி, அதிகம் தேயாதது. முன்பக்கத்தில் பொத்தானும் பொத்தான் துளையும் வரிசையாகத் தயாராக இருக்கின்றன. சட்டையைப் பொத்தான் போட்டு மூடி, நடுவில் ஒரு சதுரம் வெட்டி, முதுகுத் துணியோடு நான்கு பக்கமும் சேர்த்துத் தைத்தால் தலையணை உறை ஆகிவிடும். உறைக்குத் திறப்பு வைப்பது புதியவர்களுக்குக் கடினமான பகுதி. அதைச் சட்டையே செய்து கொடுத்துவிட்டது. கைப்பட்டியைத் தனியே வெட்டி எடுத்தால் பொத்தானோடு கூடிய சின்ன நாணயப் பை.

எலுமிச்சையையும் இப்படிப் பார்க்கலாம். சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுகிறோம். மேல்தோலில் மணமுள்ள எண்ணெய் இருக்கிறது; சீவி எடுத்துச் சர்க்கரைப் பாகில் காய்ச்சினால் இனிப்புத் தோல் ஆகும். வெள்ளைச் சதையிலும் விதையிலும் பெக்டின் நிறைந்திருக்கிறது. ஜாமைக் கெட்டிப்படுத்துவது அதுதான். பெக்டின் குறைந்த ஸ்ட்ராபெர்ரி போன்ற பழத்தில் ஜாம் போடும்போது, எலுமிச்சை விதைகளை மெல்லிய துணியில் முடிந்து பானையில் போட்டுக் காய்ச்சலாம். ஒரு பழத்தைப் பத்து நிமிடம் பார்த்ததில் இரண்டு வேலைகள் கிடைத்தன.

3. வெளியே பார்க்கும்போது, பிடித்ததைப் பிரித்து எழுதுங்கள்

"அழகாக இருக்கிறது" என்று எழுதி வைத்தால் பயன் இல்லை. எது அழகு? நிறமா, வடிவமா, ஒரே உரு திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கா, தையலின் நெருக்கமா? ஒரு வரி எழுதுங்கள். "சாம்பல் நிறத்தின் பக்கத்தில் கொஞ்சமே கொஞ்சம் மஞ்சள்" என்று எழுதிவிட்டால் அதைப் பின்னலில் போடலாம், எம்பிராய்டரியில் போடலாம், ஜாடியில் காலிபிளவர் பூக்களுக்கு நடுவே ஒரு துண்டு மஞ்சள் குடைமிளகாயாகக்கூடப் போடலாம்.

ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1883-இல் வரைந்த ஸ்ட்ராபெர்ரித் திருடன் என்ற துணி வடிவம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அவருடைய தோட்டத்தில் பழங்களைக் கொத்திக்கொண்டு போன பறவைகளைப் பார்த்து உண்டானது அது. வேறு யாராக இருந்தாலும் வலை போட்டு மூடியிருப்பார்கள். இங்கிலாந்தின் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை வேதிக்கலவை பூசிய தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டி, நீலப் பின்னணியில் வெள்ளை உருவமாகப் பதிவு செய்தார். 1843-இல் அவற்றை வெளியிடத் தொடங்கினார். ஒரு இலை, ஒரு தாள், வெயில். இன்றும் வீட்டில் செய்யக்கூடியதுதான், கலவைக்கான கிட் கடைகளில் கிடைக்கிறது.

பழைய வேலைப்பாடுகளைப் பார்க்க அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளை நம்பிப் போகலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களை யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் அப்படியே. அங்கே ஒரு சரிகை விளிம்பைப் பெரிதாக்கி இழை இழையாகப் பார்க்கலாம். இன்று வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவருடைய வடிவத்தைப் பழகுவதற்காகச் செய்து பார்ப்பதில் தவறில்லை. விற்பதாக இருந்தால் அவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

4. முதல் முறை அப்படியே, அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றி

பிடித்த ஒரு வேலையைக் குறிப்பில் உள்ளபடியே ஒரு முறை செய்யுங்கள். அடுத்த முறை ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள்: நிறம் மட்டும், அல்லது அளவு மட்டும், அல்லது நூல் மட்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

பெரிய வேலைக்கு முன்னால் மாதிரித் துண்டு போடுவதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். பின்னலில் 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதுரம் பின்னி, துவைத்து, காயவைத்து, அதற்குப் பிறகு நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். துவைத்தபின் அளவு மாறுவது சகஜம். எம்பிராய்டரி நூல் ஆறு இழை சேர்ந்தது. ஒரே இலையை இரண்டு இழையில் ஒன்று, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று தைத்துப் பாருங்கள். ஒரே படம் மூன்று வேறு வேலைகளாகத் தெரியும்.

5. பதப்படுத்தல்: எதில் விளையாடலாம், எதைத் தொடக்கூடாது

புதியவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். உணவைக் கெடாமல் காப்பது புளிப்பு, உப்பு, சர்க்கரை, சூடு, குளிர், ஈரம் இல்லாமை ஆகிய சில காவல்கள். எந்த வகைப் பதப்படுத்தலிலும் இவற்றில் ஒன்றோ இரண்டோ நிற்கின்றன. அந்தக் காவலைக் குறைக்காமல் மற்ற எதையும் மாற்றலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் குறிப்பைப் படித்தாலும் எங்கே சுதந்திரம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

பிரான்ஸில் நிக்கோலா அப்பேர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, தக்கை இறுக்கி, கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையைப் பல ஆண்டுகள் சோதித்துச் சோதித்துக் கண்டுபிடித்தார். 1810-இல் அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று பாஸ்டர் விளக்கியது அரை நூற்றாண்டு கழித்து. அந்தச் சோதனைகளை நம் சமையலறையில் செய்து பார்க்க வழியில்லை. அதனால் ஆய்வகத்தில் சோதித்த குறிப்புகளையே பின்பற்றுகிறோம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழிகாட்டிகளும், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய வீட்டு உணவுப் பதப்படுத்தல் மையத்தின் குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

முக்கிய எதிரி கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிர். காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும். பார்வையிலோ வாசனையிலோ அது தெரியாமலே இருக்கலாம். அதன் வித்துகள் கொதிநீரின் 100 டிகிரிக்கும் தாங்கும். ஆனால் பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) அளவு 4.6-உம் அதற்குக் கீழும் இருக்கும் புளிப்பில் அது வளராது. இந்த 4.6 என்ற எண்தான் எல்லைக்கோடு. பழங்களும் வினிகர் ஊறுகாய்களும் பெரும்பாலும் இந்தப் பக்கம். பீன்ஸ், சோளம், காளான், இறைச்சி எல்லாம் அந்தப் பக்கம். அந்தப் பக்கத்துப் பொருள்களை ஜாடியில் அடைத்து அறைவெப்பத்தில் வைக்க, அதற்கென்றே செய்த அழுத்தக் கொதிகலன் (பிரஷர் கேனர்) வேண்டும். சமையலுக்கு வைத்திருக்கும் சின்ன பிரஷர் குக்கர் போதாது. புதியவர்கள் அவற்றை உறையவைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். தக்காளி கோட்டின் மேலேயே நிற்கும் பொருள். அதனால்தான் ஒரு லிட்டர் தக்காளி ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள், அதுவும் கடையில் பாட்டிலில் வரும் சாறு. பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், பாட்டில் சாற்றில் மாறாது.

தொடக்கூடாதவை: வினிகருக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம், வினிகரின் 5 சதவீத அமிலம், புளிக்கவைக்கும் வேலையில் உப்பின் அளவு, ஜாடியின் அளவும் கொதிக்கவைக்கும் நேரமும். குறிப்பில் இல்லாத வெங்காயம், பூண்டு, மிளகாயைக் கூடுதலாக அள்ளிப் போடுவதும் ஆபத்து, புளிப்பு குறைந்துபோகும். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டை மேசைமேல் வைக்கவே வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்தாலும் நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

விளையாடக் கூடியவை: மிளகு, கடுகு, பட்டை, கிராம்பு போன்ற உலர்ந்த மசாலாக்கள், காயை வெட்டும் வடிவம் (துண்டு குறிப்பில் உள்ளதைவிடப் பெரிதாகாமல்), அமில அளவு அதேயாக இருக்கும் வேறு வகை வினிகர், வினிகர் ஊறுகாயில் சர்க்கரை. இது சின்னப் பட்டியல் போலத் தெரியலாம், ஆனால் சுவையும் தோற்றமும் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கின்றன.

முதல் வேலையாகக் குளிர்பெட்டி ஊறுகாயைச் செய்யுங்கள். ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர், உப்பு, விரும்பினால் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, நான்கு சின்ன பாட்டில்களில் அடுக்கிய கேரட் அல்லது வெள்ளரித் துண்டுகளின் மேல் காய் மூழ்க ஊற்றுங்கள். ஒன்றில் கடுகு, ஒன்றில் மிளகு, ஒன்றில் இஞ்சிச் சீவல், ஒன்றில் எதுவும் வேண்டாம். ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாள் கழித்து நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். எதுவும் போடாத பாட்டில்தான் உங்களுக்குப் பாடம் நடத்தும். மற்ற மூன்றிலும் மசாலா என்ன செய்தது என்று அதை வைத்துத்தான் புரியும். அடுத்து எந்த இரண்டைச் சேர்க்கலாம் என்ற யோசனை நாக்கிலிருந்தே வரும். இது குளிர்பெட்டிக்கான முறை. அலமாரியில் வைக்காதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் சாப்பிட்டு முடியுங்கள்.

கை பழகியதும் முட்டைக்கோஸைப் புளிக்கவையுங்கள். மெலிதாக நறுக்கிய கோஸ் 1 கிலோவுக்கு உப்பு 20 முதல் 25 கிராம், தராசில் நிறுத்துத்தான். கையால் பிசையுங்கள். முதலில் விறைப்பாக எதிர்க்கும். சில நிமிடத்தில் தளர்ந்து பளபளப்பாகி, கிண்ணத்தின் அடியில் நீர் தேங்கும். ஜாடியில் அழுத்தி அடைத்து, கோஸ் அதன் நீருக்குள்ளேயே மூழ்கி இருக்கும்படி மேலே எடை வையுங்கள். மேலே கொஞ்சம் இடம் விட்டு, மூடியைத் தளர்வாகப் போடுங்கள்; வாயு வெளியேற வேண்டும். உப்பைத் தாங்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்கி மற்ற நுண்ணுயிர்களை விரட்டும். உப்பைக் குறைத்தால் இந்தப் போட்டியில் தவறான பக்கம் ஜெயித்துவிடும். 21 முதல் 24 டிகிரி வெப்பத்தில் மூன்று நான்கு வாரம் ஆகும், 15 முதல் 18 டிகிரியில் ஐந்தாறு வாரம். 24 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் கோஸ் குழைந்துபோகலாம். பூஞ்சை, வழவழப்பு, கெட்ட நாற்றம் இருந்தால் சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

ஜாமுக்குச் சுருக்கமாக: பழமும் சர்க்கரையும் சம எடை என்பது பழைய கணக்கு, தொடங்க நல்லது. தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் 4 முதல் 5 டிகிரி, அதாவது கடல்மட்டத்தில் 104 - 105 டிகிரி வந்தால் பதம். வெப்பமானி இல்லையென்றால் உறைபெட்டியில் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள்; மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கலாம். பாக்கெட் பெக்டின் போடுகிறீர்கள் என்றால் அதன் குறிப்பில் உள்ள சர்க்கரையைக் குறைக்காதீர்கள், கெட்டிப்படாது.

6. ஒரு வேலையின் மிச்சத்திலிருந்து அடுத்த வேலை

சமையலறையில் சேரும் உலர்ந்த வெங்காயச் சருகை ஒரு துணிப் பையில் போட்டு வாருங்கள். கம்பளி நூல் எவ்வளவு எடையோ அவ்வளவு எடைச் சருகு சேர்ந்தால் சாயம் போடலாம். 100 கிராம் நூலுக்கு 10 முதல் 12 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, முன்பே நனைத்த நூலைப் போட்டு, கொதிக்க விடாமல் மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். சாயம் பிடித்து நிற்க இந்தப் படிகாரம் உதவும். வேறு பாத்திரத்தில் சருகை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, நூலை அதில் இட்டு மறுபடி மெல்லிய சூடு. கிளறாதீர்கள், கம்பளி ஒன்றோடொன்று ஒட்டிச் சடையாகிவிடும். அதிலேயே ஆறவிட்டு அலசினால் பொன் மஞ்சளில் தொடங்கி செம்பழுப்பு வரை ஏதோ ஒரு நிறம். இந்த வேலைக்கான பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பிக் கொண்டுவராதீர்கள்.

நூலைப் பாதி நேரத்தில் கொஞ்சம் வெளியே எடுத்துவிடுங்கள். ஒரே பாத்திரத்தில் வெளிர், நடு, அடர் என்று மூன்று நிறங்கள் கிடைக்கும். மூன்றும் ஒன்றோடொன்று இணங்கிப்போகும், நிறம் தேர்ந்தெடுக்கும் தலைவலியே இல்லை. அந்த நூலில் என்ன பின்னுவது என்ற கேள்விக்கு முதல் நாள் எழுதிய தேவைப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

7. யோசனை வறண்டுபோனால்

வரம்பு போடுங்கள். இரண்டு நிறம் மட்டும். ஒரே ஒரு தையல் வகை. ஓர் உள்ளங்கை அளவுத் துணி. இதற்குள் என்ன முடியும் என்று கேட்டால் மனம் வேலை செய்யத் தொடங்கும். எதையும் செய்யலாம் என்ற நிலையில்தான் மனம் மரத்துப்போகிறது. அதுவும் உதவவில்லை என்றால் பழுது பார்க்கும் வேலை எதையாவது எடுங்கள். ஒரு பொத்தான், ஒரு கிழிசல். கை ஓடத் தொடங்கினால் யோசனை பின்னாலேயே வரும்.

8. எழுதி ஒட்டுங்கள்

ஒவ்வொரு ஜாடியிலும் பொருளின் பெயர், செய்த தேதி, எங்கே வைக்க வேண்டும், எதற்குள் தீர்க்க வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். பரிசாகக் கொடுக்கும் ஜாடி என்றால் மூடிமேல் வெட்டுத்துணி வட்டம் கட்டலாம். அது அலங்காரம் மட்டும், உள்ளே உண்மையான மூடி இறுகியிருக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைக்க வேண்டியது என்றால் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதுங்கள், வாங்குகிறவருக்குத் தெரியாது. கைவேலைக்கு நோட்டில் ஒரு பக்கம்: நூல் அல்லது துணியின் துண்டை ஒட்டி, ஊசி எண், கண்ணிக் கணக்கு, எடுத்துக்கொண்ட நேரம், அடுத்த முறை மாற்ற வேண்டிய அந்த ஒரே விஷயம். சாயம் போட்ட நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி அதே பக்கத்தில் ஒட்டி, பாதியைக் காகிதத்தால் மூடி வெயில்படும் சன்னலில் சில வாரம் வையுங்கள். எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த நிறத்தில் சன்னல் திரைக்கு வேலை செய்யலாமா, உள்ளறைத் தலையணைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்யுங்கள்.